மூன்றாவது வெள்ளிக் கால்

அத்தியாயம் பதினேழு

போன கிழமை றேமண்டைச் சப்பாத்துப் பையும் கையுமாக வாசற்படியில் நிற்க விட்டுவிட்டு வந்தோம். அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். தன் கால்களை நம்பி இரண்டு தரம் மோசம் போனவன் படியிறங்கவும் யோசிப்பான். அதைப் பிழை சொல்லக் கூடாது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. குருநகரை விட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வந்து குடியேறிய நேசமலரின் கடைசிப் பிள்ளை இந்த றேமண்ட். உதைபந்தாட்டத்தில் நடுக்களக்காரன். கோல் அடித்துப் பெயர் வாங்குகிறவர்கள் வேறு. அந்தப் பந்தை அவர்கள் காலடியில் கொண்டுபோய் வைக்கிறவன் இவன். இந்தியாவுக்குப் போகவிருந்த இளைஞர் அணியில் இவன் பெயர் வந்த சமயம் வலது கணுக்கால் முறிந்தது. அது ஆறித் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்த சமயம் அதே காலில் முழங்கால் சவ்வு கிழிந்தது. இரண்டு தரமும் தாங்கி நடக்கப் பழக்கியவள் அக்கா ஜெசிந்தா. அந்த நாட்களில் அவளுக்கு வந்த கலியாணப் பேச்சுகளைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

இன்று பின்னேரம் தெஹிவளையில் தெரிவுப் போட்டி. தேறினால் டாக்காவுக்குப் போகும் அணியில் இடம். வயது இருபத்தைந்து. தவறினால் இன்னொரு தரம் கூப்பிட ஆளில்லை என்பது றேமண்டுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், அந்த ஒழுங்கையில் கட்டிப் போட்டிருக்கும் ஆட்டுக்கும் தெரியும்.

"என்னடா, பாதர் வந்து தீர்த்தம் தெளிச்சால்தான் போவியோ?" என்றாள் ஜெசிந்தா.

"அக்கா, ஒண்டு சொன்னால் சிரிக்க மாட்டியே?"

"சிரிக்கிற கதையெண்டால் சிரிப்பன்."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ரெண்டு தரமும் என்னை ஆரோ அடிச்சு விழுத்தினவங்கள் எண்டுதானே எல்லாரும் நினைக்கினம்? ஒருத்தனும் பக்கத்தில நிக்கேல்ல. பந்துகூட என்னட்ட இல்லை. நான் சும்மா ஓடினனான். கால் மட்டும் நிண்டிட்டுது. உடம்பு போச்சுது, கால் வரேல்ல."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே தேங்காய் துருவுகிற சத்தமும் நின்று போயிருந்தது.

நேசமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகனின் நெற்றியில் சிலுவை போட்டாள். "கவனமாப் போய் வா" என்று சொன்னாள். சொல்லும்போது அவள் கண் அவன் முகத்தில் இல்லை. அவனுடைய இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் பிள்ளையை வழியனுப்பும் வேளையில் எங்கேயாவது பார்ப்பாள், அதற்கென்ன என்று ஜெசிந்தா அப்போது நினைத்தாள். அவன் ஒழுங்கை முகப்பைத் தாண்டும் மட்டும் நின்று பார்த்துவிட்டு, அவசர அவசரமாகக் கோட்டையிலுள்ள தன் கந்தோருக்குக் கிளம்பினாள்.

அரை நாள் லீவு எடுத்திருந்தாள். மத்தியானம் வரும் வழியில் செட்டியார் தெருவில் இறங்கினாள். அவளுடைய தோட்டின் கொக்கி உடைந்து, திருத்தக் கொடுத்து ஒரு மாதமாகியும் எடுக்காமல் கிடந்தது. தம்பி ஜெயித்து வரும் நாளில் வெறுங்காதோடு நிற்க அவளுக்கு மனமில்லை.

தியாகராசாப் பத்தர் அவர்கள் குடும்பத்துக்குப் பழக்கமான நகைத் தொழிலாளி. தோட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "தம்பிக்கு இப்ப இடது காலிலயும் அடியோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லையே, ஏன்?"

"அம்மா விடிய வந்து வெள்ளிக் காலை எடுத்துக்கொண்டு போனவ. முந்தின ரெண்டும் வலது. இது இடது. அதுதான் கேட்டனான்."

ஜெசிந்தாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நேர்த்திக்கடனுக்கு வெள்ளியில் கை, கால், கண் செய்து வைப்பது அவர்கள் வழக்கத்தில் உள்ளதுதான். நோய் வருத்தம் சுகமானால் சுகமான உறுப்பைச் செய்துகொண்டுபோய்ச் சுரூபத்தடியில் தொங்கவிடுவார்கள். றேமண்டின் கால் சுகமான இரண்டு தரமும் அம்மா அப்படித்தான் வைத்தாள் என்று வீடு முழுவதும் நம்பியிருந்தது. இடது காலில் அவனுக்கு ஒரு சிராய்ப்புக்கூட வந்ததில்லையே. எதற்கு நன்றி?

"இதுக்கு முதல் செய்த காலை எப்ப எடுத்தவ, ஞாபகமிருக்கோ?"

"ஏன் இல்லாமல்? அந்தோனியார் திருநாளுக்கு முதல் எடுத்தவ. திருநாள் வேலையெல்லாம் குவிஞ்சு கிடந்த நேரம்."

ஜெசிந்தா தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். முழங்கால் கிழிந்து றேமண்டைத் தூக்கிவந்த நாள் அவளுக்கு நல்ல ஞாபகம். திருநாள் முடிந்திருந்தது. தெருவில் கட்டிய கொடிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அவனைத் தூக்கி வந்தவர்களின் தலையில் அவை தட்டின.

அடி விழ முன்னமே காலைச் செய்து வாங்கியிருக்கிறாள் அம்மா.

பத்தர் பின்னால் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை. வெயிலுக்குள் ஓடினாள்.

அவர்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு சுரூபக்கூடு இருக்கிறது. ஆளுயரச் சீமெந்துக் கூடு, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே அந்தோனியார். செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்துவதும் கூட்டித் துடைப்பதும் நேசமலரின் பொறுப்பு. சாவியும் அவளிடம்தான். சுரூபத்தின் பாதத்துக்குக் கீழே ஆணி வரிசை. அதில் அயலவர்கள் நேர்ந்து வைத்த வெள்ளிக் கண்கள், ஒரு குழந்தை, ஒரு கை, இரண்டு வலது கால்கள்.

நேசமலர் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். கையில் றோஸ் நிறக் கடதாசிப் பொட்டலம்.

"அம்மா!"

அவள் திடுக்கிடவில்லை. வருவாய் என்று தெரியும் என்பதுபோல மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது என்னது? ஆருக்கு?"

"உனக்குத் தெரிஞ்சுதானே ஓடி வாறாய்."

"அவன்ர காலை முறிக்கச் சொல்லியோ நேர்ந்தனீங்கள்? பெத்த பிள்ளையின்ர காலை?"

"சத்தம் போடாத. சனம் பாக்கும்." நேசமலரின் குரல் ஏறவே இல்லை. "முறிக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்ல. அவனை வீட்டில வைச்சிரு எண்டுதான் கேட்டனான். எப்பிடி வைக்கிறது எண்டது அந்தோனியாற்ற வேலை."

ஜெசிந்தா அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள்.

"நேர்த்தி கிடைச்சாப் பிறகெல்லே குடுக்கிறது? முன்கூட்டிக் குடுக்கிற வழக்கம் எந்தக் கோயில்ல இருக்கு?"

"எட்வேட்டுக்கு, வந்தாப் பிறகு குடுக்கிறன் எண்டுதான் நேர்ந்தனான்."

எட்வேட் மூத்த மகன். தொண்ணூறாம் ஆண்டு ஊருக்குப் போகிறேன் என்று ரயிலேறப் போனவன். வழியில் ஆமிக்காரர் மறித்து லொறியில் ஏற்றினார்கள் என்பதோடு அவன் கதை நின்றுவிட்டது. ஆறு வருடமாக அந்த வீட்டில் அவனுக்காக அழவும் இல்லை, பூசை கொடுக்கவும் இல்லை.

"திரும்பி வந்தால் அவன்ர உயரத்துக்கு மெழுகுதிரி வைப்பன் எண்டு நேர்ந்தனான்" என்றாள் நேசமலர். "வந்தவனே? பிறகு தாறன் எண்டால் ஆருக்கும் அவசரமில்லை, பிள்ளை. அதுதான் இவனுக்கு முதலே குடுத்தனான். ரெண்டு தரமும் வீட்டில இருந்தானோ இல்லையோ? நொண்டினாலும் சாப்பாட்டுக்கு வந்து இருந்தானோ இல்லையோ?"

"இருந்தவன். செத்த பிணமா இருந்தவன்! பந்துச் சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தினவன். நீங்கள் கண்டனீங்களோ? ராவு ராவாப் பக்கத்தில இருந்தது நான்."

"பிணமா இருந்தானெண்டு சொல்லாத. பிணம் எப்பிடியிருக்குமெண்டு காட்டக்கூட எனக்கு ஒருத்தரும் தரேல்ல."

ஜெசிந்தாவுக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் அதைவிட விரைவாக வந்தது. தாயின் கையிலிருந்து பொட்டலத்தைப் பறித்தாள். சாவியையும் பறித்தாள். கண்ணாடிக் கதவை அறைந்து சாத்திப் பூட்டினாள்.

பூட்டிய பிறகும் உள்ளே இரண்டு வெள்ளிக் கால்களும் ஆடிக்கொண்டிருந்தன. கதவை அடித்த வேகம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மற்ற ஆணிகளில் தொங்கிய கண்ணும் கையும் குழந்தையும் ஆடவில்லை.

நேசமலர் மறிக்கவில்லை. "கொண்டு போ. பிறகு என்னட்ட வந்து அழாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பின்னேரம் எப்படிப் போனது என்று ஜெசிந்தாவைக் கேட்டால் சொல்ல மாட்டாள். தேத்தண்ணி ஊற்றினாள், குடிக்கவில்லை. உலர்ந்த உடுப்பை மறுபடி தோய்த்தாள். பொட்டலத்தை அலுமாரியில் வைத்தாள், பிறகு கைப்பைக்குள் வைத்தாள், பிறகு மடியில் வைத்துக்கொண்டு ரெலிபோனடியில் உட்கார்ந்தாள். வெள்ளி கைச்சூட்டுக்குச் சூடேறும். இது ஏறவில்லை.

ரெலிபோன் அடித்தது. பயிற்சியாளர் பதியுதீன் மாஸ்டர்.

"தங்கச்சி! உங்கட தம்பி இண்டைக்கு வெளாடின வெளாட்ட நீங்க பார்க்கல்லியே! என்ட முப்பது வருஷத்துல நான் இப்பிடிப் பார்த்ததில்ல. பந்து அவருக்கிட்ட வந்துட்டுச் செல்லிக்கிட்டுத்தான் போகுது. அவர் தந்த பந்துல ரெண்டு கோல். டாக்காவுக்குப் பேர் செல்லிட்டாங்க, தங்கச்சி. முதல் பேரே அவருடதான்!"

"கால்... கால் சுகமோ மாஸ்டர்?"

"காலுக்கென்ன? சிங்கக் கால். இப்ப வான்ல ஏறுறோம். உம்மாட்ட செல்லுங்க, சோறு ஆக்கி வெக்கச் செல்லுங்க!"

ஜெசிந்தா போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். ஒருத்தி சந்தோசத்தில் அழுவதை யாரும் பிழை சொல்ல முடியாது. அம்மாவின் அறை வாசலில் போய் நின்று, "கேட்டதோ? தேறீட்டான். ஒண்டும் நடக்கேல்ல. உங்கட வெள்ளிக் கால் இல்லாமலே ஒண்டும் நடக்கேல்ல" என்றாள்.

நேசமலர் திரும்பவில்லை. "இன்னும் வீட்ட வரேல்லைத்தானே" என்றாள்.

மைம்மல் பொழுது. லைற் போட வேண்டிய நேரம், போடவில்லை. சோறு இறக்கியாயிற்று, மீன் பொரித்தாயிற்று. வான் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. ரெலிபோன் மறுபடி அடித்தபோது ஜெசிந்தா எடுக்கப் பயந்தாள். பிறகு எடுத்தாள்.

"தங்கச்சி, நான் வெள்ளவத்தையில ஒரு கடையில இருந்து பேசுறேன்." மாஸ்டரின் குரல் அடையாளமே தெரியவில்லை. "காலி ரோட்ட ஆமிக்காரங்க மறிச்சிட்டாங்க. ரவுண்டப். வான்ல இருந்த எல்லாரையும் இறக்கி ஐடென்டி பார்த்தாங்க. தமிழ்ப் புள்ளையள் மூணு பேரையும் வேற பக்கத்துல நிக்க வெச்சிருக்காங்க. நம்மட றேமண்டும் அங்கதான். நான் சிங்களத்துல எவ்வளவோ செல்லிப் பார்த்துட்டேன். நாட்டுக்கு வெளாடுற புள்ளை, பேர் வந்திருக்கு எண்டு செல்லிட்டேன். கேக்கிறாங்க இல்ல. பெரிய லொறியொண்டு வந்து நிக்குது, தங்கச்சி..."

"மாஸ்டர், நீங்கள் விட்டுட்டு வரவேண்டாம், அங்கயே நில்லுங்கோ..."

"நிக்கிறேன், நிக்கிறேன். ஏத்தத் தொடங்கிட்டாங்க. யா அல்லாஹ்." போன் வைக்கப்பட்டது.

ஜெசிந்தா திரும்பினாள். நேசமலர் எழுந்து வந்து அறை வாசலில் நின்றாள். முகம் சரியாகத் தெரியவில்லை.

"லொறியோ?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா தலையாட்டினாள்.

"சாவி உன்னட்டத்தானே இருக்கு."

"அம்மா, நீங்கள் போங்கோ. நீங்கள்தானே நேர்ந்தனீங்கள். இந்தாங்கோ, பிடியுங்கோ!"

நேசமலர் கையை நீட்டவில்லை. "நான் வைச்சால் நாளைக்கு நீ என்னைத்தான் பேசுவாய். அவன் உனக்கும் தம்பி. நீ யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? மத்தியானம் அந்தக் காலுக்காகத் தாயோடு சண்டை பிடித்தவள் இவள்தான். இத்தனை வருடமாக வலது காலுக்கு எண்ணெய் போட்டு உருவி, படியேறப் பழக்கி, பந்தைத் தொட வைத்தவள். இது அவனுடைய நல்ல கால், டாக்காவுக்குப் போகும் கால். ஆனால் லொறி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். எட்வேட்டின் கட்டில் இன்னும் அந்த அறையில் விரித்தபடி கிடக்கிறது.

ஒழுங்கையில் ஓடும்போது அவள் காலில் செருப்பு இல்லை.

கூட்டினுள் அம்மா மத்தியானம் கொளுத்திய மெழுகுதிரி எரிந்து முடிகிற கட்டத்தில் இருந்தது. சாவியைத் திருகிக் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். பொட்டலத்தைக் கிழித்தாள். செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. அம்மா சொன்ன வார்த்தைதான் வந்தது.

"வீட்டில வைச்சிரு" என்றாள். "எப்பிடியெண்டாலும் பரவாயில்லை. வீட்டில வைச்சிரு."

காலை ஆணியில் கொளுவக் குனிந்தாள். கொளுவிவிட்டு விரலை எடுக்கப் போனவள் ஒரு கணம் எடுக்க முடியாமல் நின்றாள். கணுக்காலடியில் அந்த வெள்ளி சூடாக இருந்தது. உள்ளே நாடி ஓடியது. அவளுடைய விரல்களுக்குள், ஓடப் பார்க்கிற ஒரு காலை இறுக்கிப் பிடித்திருப்பதுபோல இழுபட்டது.

பிறகு அது வெறும் வெள்ளியானது. அவள் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது ரெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"தப்பிட்டார், தங்கச்சி!" மாஸ்டர் அழுதார். "லொறியில ஏற இடது கால எடுத்து வெச்சார். ஒருத்தனும் தொடல்ல, நான் பார்த்துக்கிட்டு நிண்ட. அப்பிடியே விழுந்துட்டார். எலும்பு வெளிய வந்துட்டு. நடக்க ஏலாதவனக் கொண்டுபோய் என்ன செய்யிற, ஆஸ்பத்திரியில போடு எண்டு பெரியவன் செல்லிட்டான். மத்த ரெண்டு புள்ளையளையும் கொண்டு போயிட்டாங்க. எங்க எண்டு தெரியல்ல."

நேசமலர் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னாள். ஜெசிந்தா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் நேரம். இடுப்பு வரைக்கும் கட்டுப் போட்டு றேமண்டைக் கிடத்தியிருந்தார்கள். வாசலிலேயே டொக்டர் ஜெசிந்தாவை நிறுத்தி, நடப்பான், ஆனால் விளையாட்டை மறந்துவிடச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் கட்டிலடியில் நின்றாள். சொல்லத் தேவையிருக்கவில்லை. அவன் முகத்தில் அது ஏற்கெனவே எழுதியிருந்தது.

"மற்றப் பொடியள்?" என்று கேட்டான்.

"தேடுகினம்."

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ எப்பிடி வெள்ளவத்தைக்கு வந்தனி?"

"நான் வரேல்லையடா. வீட்டிலதான் இருந்தனான்."

"வந்தனி. நான் லொறியில காலை வைக்கேக்க ஆரோ கணுக்காலைப் பிடிச்சினம். குனிஞ்சு பார்த்தனான். நீதான். வெறுங்காலோட நிண்டனி. ரெண்டு கையாலும் பிடிச்சனி. 'விடு அக்கா' எண்டு கத்தினனான். நீ விடேல்ல."

நேசமலர் மகளை முந்திக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"உனக்கு மயக்கத்தில தெரிஞ்சிருக்கும், அப்பு. அவள் என்னோட இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள். நான் சாட்சி."

வாழ்க்கையில் அம்மா தனக்காகச் சொன்ன முதல் பொய் அது என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அதை மறுக்கத் தனக்குத் துணிவில்லை என்பதும் தெரிந்தது.

றேமண்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு ஆட்டத்தை முழுவதுமாகப் பார்த்து, யார் எங்கே நின்றார்கள் என்று பிறகு யோசித்துப் பார்க்கிறவனின் அமைதிதான் இருந்தது.

"முதல் ரெண்டு தரமும் நான் குனிஞ்சு பாக்கேல்ல, அம்மா" என்றான். "அப்ப வந்தது நீங்களோ?"

நேசமலர் அவன் நெற்றி வியர்வையைத் துடைக்கச் சேலைத் தலைப்போடு கையை நீட்டினாள். றேமண்ட் கட்டிலின் விளிம்பைப் பிடித்து, வலியையும் பொருட்படுத்தாமல், அந்தக் கை எட்டாத தூரத்துக்குத் தன்னை நகர்த்திக்கொண்டான்.